வேதும் பத்தியமும்: பிள்ளைப்பேற்று மருத்துவம் பற்றிய நம் எழுத்துக்கள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

நாட்டு மருத்துவம் பற்றி நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஏறத்தாழ ஒரே அமைப்பு வந்துவிட்டது. முதலில் முன்னோர் பெருமை பேசப்படும். அதன்பின் இலைகளின் பட்டியல் வரும். நொச்சி, ஆடாதோடை, பாவட்டை, வேம்பு எனப் பெயர்கள் நிரைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தாவரவியற் பெயர் குறிக்கப்படும். இவற்றையெல்லாம் மேலைநாட்டு விஞ்ஞானம் இன்றுதான் கண்டறிந்துள்ளது என்ற பெருமித வாக்கியத்தோடு கட்டுரை நிறைவெய்தும். இதற்கு நேரெதிரான எழுத்தும் உண்டு. அது அப்பட்டியல் முழுவதையும் மூடநம்பிக்கை என்னும் ஒரு சொல்லாற் கூட்டித் தள்ளிவிடும். ஒன்று போற்றுகிறது, மற்றையது தூற்றுகிறது. எனினும் இரண்டுக்கும் பொதுவான குறைபாடொன்று உளது. இரண்டும் இலையை மட்டுமே பார்க்கின்றன. பானையை அடுப்பில் ஏற்றியவர் யார், எந்த நிலையில் இருந்த பெண்ணுக்காக ஏற்றினார், அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்தது என்ன என்ற வினாக்கள் இவ்விரு வகை எழுத்திலும் எழுவதில்லை. அவை எழாதவரை வேதின் பயனையோ தீங்கையோ சரிவர மதிப்பிடல் இயலாது என்பதே ஈண்டுக் கூறப் புகுவது. யாழ்ப்பாணக் குடாநாட்டு வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வழக்குகள் வேறு. அவற்றை அறிந்தோர் எழுதுதல் வேண்டும்.

வேது என்னும் சொல்லை வேதல், வெம்மை ஆகியவற்றோடும் இணைத்து நோக்கலாம். வியர்ப்பித்தலைக் குறிக்கும் சுவேதம் என்ற வடசொல்லோடும் இணைத்து நோக்கலாம். சித்த மருத்துவம் வகுக்கும் முப்பத்திரண்டு புறமருந்துகளுள், கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு ஆகியவற்றை அடுத்து வேது எண்ணப்படுகிறது. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் நெருப்பின் துணையோடு வியர்ப்பிக்கும் முறைகள் பதின்மூன்றை விரித்துரைக்கிறது. ஆகவே இது ஏட்டு மருத்துவத்துக்குப் புறம்பான வழக்கு அன்று. ஆயினும் நம் கிராமங்களில் வேது பிடித்தவருள் மிகப் பெரும்பாலோர் எந்த ஏட்டையும் கண்டவரல்லர். தடிமன் பிடித்தாலும், தலை பாரித்தாலும், உடம்பு உளைந்தாலும் வேலியில் நின்ற நொச்சியையும் ஆடாதோடையையும் ஒடித்துப் பானையிலிட்டு, வாயை மூடி அவித்து, போர்வைக்குள் இருந்து ஆவியை ஏற்றனர். குடாநாட்டு வேலி ஒரு காலத்தில் எல்லைக் கோடாக மட்டும் நின்றதில்லை. ஆட்டுக்குக் குழையையும் வீட்டுக்கு மருந்தையும் அதுவே தந்தது. மதில்கள் எழுந்தபின் இவ்விலைகள் கடையில் விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்டன.

பிள்ளைப்பேற்றின் பின்னர் வேது தனித்து நிற்பதில்லை. ஈன்ற உடம்பைப் பச்சை உடம்பு என்பர். காற்றும் குளிரும் அதனுள் எளிதிற் புகும் என்பது அக்கருத்து. ஆதலால் அவ்வுடம்பைச் சுற்றிச் சூட்டினால் ஒரு வேலி கட்டப்படும். இலைகள் அவித்த வெந்நீரிற் குளிப்பு. குளிப்புக்கு முன் எண்ணெயும் மஞ்சளும். குளித்தபின் தலையீரம் போகச் சாம்பிராணிப் புகை. உணவிலும் சூடே ஆட்சி செய்யும். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி, உள்ளி ஆகியன அம்மியில் அரைபட்டுச் சரக்குக் கறியாகும். சுறா பாலூறுவதற்கென்று தேடி வாங்கப்படும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுவரை இவ்வொழுங்கு நீடிக்கும். இதிற் பெண்ணின் உடம்பிற் படும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் இன்னொரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது. துலாக் கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டும். பனைமட்டையும் பொச்சுமட்டையும் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அம்மியில் நாள்தோறும் சரக்கு அரைக்க வேண்டும். பெரிய பானையைக் கைசுடாமல் இறக்க வேண்டும். குளிக்கும்போது தலைசுற்றி விழாமல் தாயைத் தாங்கிக்கொள்ளவும் வேண்டும். நமது கட்டுரைகளில் இலைக்குத் தாவரவியற் பெயர் உண்டு. இவ்வுழைப்புக்குப் பெயரே இல்லை.

விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்ற கூற்றை இவ்விடத்தில் நிறுத்திப் பார்த்தல் தகும். நொச்சியிலையில் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் உள. ஆவியோடு அவை எழுவது உண்மையே. ஆடாதோடையின் நிலை வேறு. அதன் புகழுக்குக் காரணமான வசிசின் என்னும் காரப்போலி மூச்சுக்குழாயை விரிக்கவும் கருப்பையைச் சுருக்கவும் வல்லது. அதனை அடியொற்றியே புறோம்எக்சின் என்னும் சளி மருந்து செயற்கையாக ஆக்கப்பட்டது. ஆனால் வசிசின் கொதிநீரின் ஆவியோடு எளிதில் மேலெழும் பொருளன்று. குடிநீரில் இறங்கும் மருந்து போர்வைக்குள் ஏறும் ஆவியிலும் அதே அளவில் இருக்கும் என்று கொள்ள நமக்கு ஆதாரமில்லை. ஆய்வுகூடத்தில் இலைச்சாற்றுக்குக் கண்ட பண்பை ஆவிக்கும், ஆவிக்குக் கண்டதைக் குளிப்புக்கும் ஏற்றிச் சொல்வது நம் கட்டுரைகளில் அடிக்கடி நிகழும் தருக்கப் பிழை. சூட்டைப் பொறுத்தவரை வழக்கின் பக்கம் நியாயம் இருக்கிறது. வெப்பம் தோலிற் குருதியோட்டத்தைக் கூட்டும், இறுகிய தசையைத் தளர்த்தும், நோவைத் தணிக்கும், உறக்கத்தைத் தரும். பல மணி நேரம் நோவுண்டு ஈன்ற உடம்புக்கு இவை அற்பமானவை அல்ல. மறுபுறத்தே, பத்தியத்தின் பெயரால் தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கத்தை எவ்வகையாலும் நியாயப்படுத்த இயலாது. பாலூட்டும் பெண்ணை வியர்க்கவும் வைத்து, நீரையும் மறுப்பது கொடுமை. இரண்டையும் ஒரே மூச்சிற் பாரம்பரியம் என்று போற்றுவோர் எதனையும் ஆராய்ந்து போற்றியவராகார்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். ஈன்றணிமையைக் குறிக்கப் புனிறு என்று தனிச்சொல்லொன்றைத் தமிழ் கொண்டிருந்தது. தொல்காப்பிய உரியியல் அதற்குப் பொருள் வகுத்துள்ளது. நற்றிணையின் நாற்பதாவது பாடல் அத்தகைய வீடொன்றைக் காட்டுகிறது. நெய்யாடி, வெண்கடுகு அணிந்து, கண்மூடித் துயில்கிறாள் தாய். மகன் பிறந்தமையாற் கணவன் நள்ளிரவிற் கள்வனைப் போல வீட்டுக்கு வருகிறான். பரத்தையின் கூற்றாகப் பாடல் அமைந்திருப்பதால், ஏக்கமும் எள்ளலும் அதில் ஒருங்கே ஒலிக்கின்றன. வகுப்பறைகளில் நாம் இப்பாடலைத் தலைவன் வருகைக்காகவும் உள்ளுறும் எள்ளலுக்காகவும் கற்பித்து வந்துள்ளோம். ஆயின் அதில் நாம் விரைந்து கடந்துபோகும் சிறு தொடரொன்று இருக்கிறது. புதல்வனோடு உறங்கும் செவிலிமேற் புனிற்றின் நாற்றம் வீசுவதாகப் புலவர் சொல்கிறார். ஈன்றவள் தலைவி, அந்த மணம் படிந்திருப்பதோ செவிலியின் உடம்பில். நெய் பூசியவர் யார், பிள்ளையை ஏந்தியவர் யார், இரவெல்லாம் விழித்திருந்து இப்போது அயர்ந்தவர் யார் என்பதனை அப்புலவர் இரண்டொரு சொல்லிற் பதிவுசெய்து விட்டார். பழம்பெருமை பேசும் நமது கட்டுரையாளர் இப்பாடலை எடுத்தாளும்போது வெண்கடுகின் மருத்துவக் குணத்தை மட்டும் எழுதிச் செல்வது வியப்புக்குரியது. புலவர் கண்டதில் பாதியைத்தான் அவர்கள் காண்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து மருத்துவ நூல்களிலும் இதே நிலையைக் காண்கிறோம். யாழ்ப்பாண அரசரின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரமும் பரராசசேகரமும் செய்யுள் நூல்கள். ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் பேருழைப்பெடுத்து இவற்றைப் பதிப்பித்திராவிடின் பல பகுதிகள் செல்லரித்துப் போயிருக்கும். கருப்பகாலத்து நோய்களும் பாலர் நோய்களும் பரராசசேகரத்தில் விரிவாகப் பேசப்படுகின்றன. பேசுபவர் ஏடு கற்ற வைத்தியர். கேட்பவரும் ஏடு கற்கப் போகும் வைத்தியர். பிள்ளையை ஏந்தும் பெண் அவ்வுரையாடலில் இல்லை. அடுத்த நூற்றாண்டுகளில் வந்த ஆங்கில மருத்துவம் இவ்விடயத்தில் வேறுபட்டதா எனின், இல்லை என்றே கூறவேண்டும். மானிப்பாயில் தமிழ் மூலம் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மவுன்செல் என்பாரின் மகப்பேற்று நூலைப் பிரசவ வைத்தியம் எனத் தமிழில் 1857இல் வெளியிடச் செய்தார். தமிழில் அறிவியல் எழுதப்பட்ட வரலாற்றில் அது ஒரு மைல்கல். அவரிடம் கற்றோர் ஆடவர். அக்காலத்தில் பிள்ளைப்பேறு நிகழ்ந்த அறைகளுக்குள் நின்றவரோ எழுத்தறிவு மறுக்கப்பட்ட பெண்கள். நூல் தமிழில் இருந்தும், அது யாருடைய கைக்கு வேண்டியிருந்ததோ அக்கையை அடையவில்லை. மொழித்தடை நீங்கினால் அறிவு தானாகவே பரவும் என்று நம்புவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

அப்பெண்களே மருத்துவிச்சிமார். குடாநாட்டில் இவர்கள் பெரும்பாலும் சவரத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பஞ்சமர் என ஒதுக்கப்பட்டவர்களுள் அடங்கியவர்கள். 1960களின் நடுப்பகுதியில் என் தங்கை எங்கள் வீட்டில் பிறந்தபோது நான் சிறுவன். மருத்துவிச்சி பின்படலையால் வந்ததும், இரவு முழுவதும் அறைக்குள் இருந்ததும், விடியற் காலையில் தண்ணீர் அவித்ததும் நினைவில் இருக்கின்றன. வேலை முடிந்து முற்றத்தில் இருந்தவருக்கு அம்மம்மா தேநீர் ஊற்றினார். எங்களுக்கு மூக்குப்பேணி, அவருக்கு வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டை. என் தாயின் உடம்பையும், பூமியில் வந்து விழுந்த என் தங்கையையும் முதன்முதலில் தொட்ட கை எங்கள் பேணியைத் தொடக்கூடாது என்பதில் அன்று எவரும் முரண்பாடு காணவில்லை, நானும் காணவில்லை. மருத்துவிச்சி என்றே அவரை அழைத்தோம். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பாரம்பரிய மகப்பேற்று அறிவு நம் முன்னோர் தந்த செல்வம் என்று எழுதும்போது, நம் முன்னோர் என்ற தொடருள் இவரும் அடங்குகிறாரா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அடங்குகிறார் எனின், சிரட்டையையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

துடக்கு என்பதையும் ஒருமுகமாகப் பார்த்தல் ஆகாது. தீட்டு என்று பெண்ணை ஒதுக்கிய அதே விதி, அடுக்களையினின்றும் கிணற்றினின்றும் கணவனின் உரிமையினின்றும் முப்பது நாள் அவளை விடுவித்தது. ஒதுக்கலும் ஓய்வும் ஒரே பாயில் கிடந்தன. ஆயினும் துடக்கு எல்லோர்க்கும் ஒன்றாயிருக்க, ஓய்வு எல்லோர்க்கும் ஒன்றாயிருக்கவில்லை. காணியுடைய வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தொரு நாட் பத்தியம் வாய்த்தது. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் களை பிடுங்கியவளுக்கு அன்றாட உலையே கேள்வியாக இருக்கையில், சுறாவும் திப்பிலியும் எங்கிருந்து வரும்? இன்னொருத்தியின் மகளுக்குத் தண்ணீர் அவித்துக் கொடுத்த மருத்துவிச்சி, தான் பெற்றபோது எத்தனை நாள் படுத்திருந்தார் என்பதனை எந்த நூலும் கூறவில்லை. வேதைப் பண்பாட்டுப் பொதுச்சொத்தாகக் காட்டுவோர் இவ்வேற்றுமையை மறைத்து விடுகின்றனர். மலாய், தாய்லாந்து மக்களிடையேயும் ஈன்ற பெண்ணைத் தீயருகே கிடத்திச் சூடேற்றும் வழக்கங்கள் உண்டு. மானிடவியலாளர் அவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகளோடு ஒப்பிட நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் இலைப்பட்டியல்களே.

மருத்துவமனையின் வருகை இழப்பு என்று எவரேனும் புலம்பினால் அதனை ஏற்பதற்கில்லை. இணுவிலில் 1898இல் பெண்களுக்கெனத் தோன்றிய மக்லியோட் ஆஸ்பத்திரி முதலாக, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையினூடாக, கிராமந்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவமாது சென்றதுவரை நடந்தது ஒரு பெரும் சமூக மாற்றம். 1950 அளவில் இந்நாட்டில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. வேதுப் பானை இதனைச் செய்யவில்லை. குருதிப்பெருக்கை நிறுத்தவோ, கிருமித் தொற்றைத் தடுக்கவோ அதனால் இயலாது. கொத்தி என்னும் பேய் பிள்ளைப்பேற்று வீட்டை நாடும் என்று அஞ்சிய காலத்தில், அந்த அச்சத்துக்குக் காரணமான சாவுகள் மெய்யானவை. அவற்றைக் குறைத்தவை சுத்தமான கையும், மருந்தும், உரிய வேளையில் வந்த வாகனமுமே.

எனினும் மருத்துவமனை தாயை ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. மருத்துவமாது வீடு தேடி வந்து பார்த்துச் செல்கிறார், அது பெருங்கொடை. அவர் போனபின் அன்றைய தண்ணீரை யார் அவிப்பது? போர் முடிந்த 2009இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். தாயை இழந்தவளும், சகோதரி கடல்கடந்து போனவளும், கணவன் இல்லாதவளும் தனியே பிள்ளை பெற்று வீடு திரும்புகிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் நிலை பொருள்வகையில் வேறாயினும் இவ்விடயத்தில் அதிகம் வேறன்று. அங்கு சரக்குத்தூள் பொதியில் வந்து சேரும், அரைத்தவர் வரமாட்டார். வேதின் வழக்கு அருகிவிட்டது என்று வருந்துவோர், அருகியிருப்பது இலையா, ஆளா என்று பார்க்க வேண்டும். நொச்சி இன்னும் வேலிகளில் நிற்கிறது.

இவ்வெற்றிடத்திற்குள்தான் வாணிகம் நுழைகிறது. பெண்ணுறுப்புக்கு மூலிகை ஆவி பிடித்தல் என்பது அழகுநிலையங்களில் விற்கப்படும் பண்டமாகிவிட்டது. கருப்பையைச் சுத்தஞ் செய்யும், நஞ்சை நீக்கும், இளமையை மீட்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்கின்றனர். கொரியாவிலும் இந்தோனேசியாவிலும் வழங்கிய முறைகள் மேலைநாட்டு நாகரிகமாகி, அங்கிருந்து நம்முடைய பண்டைய கலை என்ற முத்திரையோடு திரும்பி வருகின்றன. வாதத்தால் விளையும் யோனிநோய்களுக்கு எண்ணெய்ப் பூச்சையும் வேதையும் சரக சங்கிதை விதித்துள்ளது உண்மை. அது நோயறிந்து செய்யும் சிகிச்சை. பிணியற்ற பெண்ணின் உடம்பை அழுக்கென்று கூறி விற்கும் வேலை அதில் இல்லை. பெண்ணுறுப்பு தன்னைத் தானே தூய்மையாய்ப் பேணும் இயல்பினது என்று இன்றைய பெண்ணோயியல் கூறுகிறது. ஆவியோ கருப்பைக்குள் சென்று எதனையும் கழுவுவதில்லை. கருப்பை இறக்கத்துக்குச் சத்திர சிகிச்சையை எதிர்பார்த்திருந்த 62 வயதுப் பெண்ணொருவர் இத்தகைய ஆவியினால் தீக்காயமுற்ற செய்தி, கனடாவின் மகப்பேற்று, பெண்ணோயியல் ஆய்வேட்டில் 2019இல் வெளியாயிற்று. ஒரு காலத்தில் துடக்கு என்ற சொல் செய்த வேலையை இன்று நஞ்சு நீக்கம் என்ற சொல் செய்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பழைய சொல் அவளுக்கு முப்பது நாள் ஓய்வையாவது கொடுத்தது. புதிய சொல் ஒரு மணி நேரத்துக்கு விலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இல் சித்த மருத்துவத்துக்கென அலகொன்று தோன்றியதிலிருந்து ஏடுகளை ஆராயும் பணி நிறுவன வழியில் நடைபெறுகிறது. ஏட்டுக்கு வெளியே உள்ளதை யார் தேடுவது என்பது தமிழ், சமூகவியல் மாணவரைச் சார்ந்த வினா. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவியொருவர் தம் கள ஆய்வுக் குறிப்பேட்டைப் பார்வைக்குத் தந்தார். வேதுக்கும் குளிப்புக்கும் உரிய இலைகள் ஒன்பது, அளவுகளோடு இரண்டு பக்கங்களில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. தகவல் தந்தவர் என்ற இடத்தில் முதியவர் ஒருவர் என்று மட்டும் இருந்தது. விசாரித்தபோது, அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றும், தம் வீட்டில் நடந்ததைக் கூறினார் என்றும் தெரியவந்தது. அவ்வீட்டுக்கு வந்துபோன மருத்துவிச்சி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு வரும்படி அனுப்பினேன். அடுத்த மாதம் மாணவி திரும்பி வந்தார். மருத்துவிச்சி எண்பது கடந்தவர், மகளோடு வாழ்கிறார். ஒன்பது இலைப் பட்டியலை வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தாராம். வேதுக்கு நொச்சி போதும், மற்றவை குளிப்புத் தண்ணீருக்கு, எல்லாவற்றையும் ஒரு பானையிற் போட்டால் அது ஆட்டுக்கு என்றாராம். அதன்பின் கேட்காமலே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: இரத்தம் மிகுதியாகப் போகிறவளுக்கு வேது கொடுப்பதில்லை, முதலிற் சீலையைப் பார்ப்பது, அதன் பிறகுதான் அடுப்பு மூட்டுவது.

இலைகளைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் எதிலும் இவ்வரி இருந்ததாக நினைவில்லை. மாணவியும் அதனைப் பட்டியலுக்கு வெளியே, தாளின் ஓரத்தில், பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஆய்வேட்டின் திருத்தப்படியில் அதனை முதற் பக்கத்துக்குக் கொண்டுவரும்படியும், தகவல் தந்தவர் இசைந்தால் அவர் பெயரை முழுமையாக எழுதும்படியும் கேட்டுக்கொண்டேன்.